இடது பின்பக்கம், மேலே

கரூரில் கட்டிய கேரவன்.
உள்ளே இரண்டு ஏசி, ஆளுயரக் கண்ணாடி,
கண்ணாடியைச் சுற்றிப் பதினான்கு பல்பு.
ஒவ்வொன்றுக்கும் பித்தளை வளையம், ரப்பர் வாஷர்.
வெளியே எட்டு விளக்கு.
ஆளுக்கு இரண்டு அரையங்குலத் திருகு
வெறும் ஃபைபர் தகட்டில்,
பின்னால் ஒரு கட்டைகூட இல்லாமல்.
கேட்டேன்.
"டபுள் டேப் போட்டிருக்குண்ணே,
யானை இழுத்தாலும் வராது"
என்றார் பாடி கட்டியவர்.
யானை வரவில்லை.
திருமயம் தாண்டி ஒரு வேகத்தடை வந்தது.

கானாடுகாத்தானில் பத்து நாள் படப்பிடிப்பு.
முதல் நாள் விடியலில் வண்டியைச் சுற்றி வந்தேன்.
இடது பின்பக்கம், மேலே,
சிவப்பு விளக்கு
ஒயரைப் பிடித்துத் தொங்கியது,
எரிந்துகொண்டே.
பல் போன ஈறு மாதிரி இரண்டு ஓட்டை,
உள்ளே நேற்றைய மழை.

மேக்கப்புக்கு உதவியாக வந்த கிளாடிஸ்
விளக்கின் விரிசலை நகப்பூச்சால் அடைத்தாள்.
நான் எம்-சீல் வைத்து அழுத்தி
மேலே பிளாஸ்டர் ஒட்டிவிட்டு
மேனேஜரிடம் சொன்னேன்.
"உள்ள ஏதும் ரிப்பேரா?"
இல்லை சார், வெளியே.
"அப்பப் பாத்துக்கலாம்."

அன்றிரவே பள்ளத்தூர்ப் பக்கம்
எங்கோ விழுந்திருக்கிறது.
காலையில் ஒயர் மட்டும் இருந்தது.
பேட்டாவில் அறுநூற்று ஐம்பது பிடித்தார்கள்.

ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது.
பின்னால் வருகிறவனுக்குத்தான்
நான் எங்கே முடிகிறேன் என்பது கவலை.
கீழ் விளக்கெல்லாம் செம்மண் பூசிக் கிடக்க,
வலப்பக்கத்து ஒற்றைச் சிவப்பை
பைக் என்று நம்பி
இடப்பக்கம் நுழைந்தான் ஒருவன்.
கடைசி நொடியில் சுவரைக் கண்டான்.
மண்ணில் இறங்கி, சறுக்கி, நிமிர்ந்து
என் அம்மாவைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னான்.
நியாயமான வார்த்தை.

ஆறாம் நாள் இரவு
டீசல் போட்டுத் திரும்புகிறேன், புதுவயல் சாலையில்.
எதிரே லாரி. கண்ணை வெளுக்கும் ஹைபீம்.
அது கடந்ததும் வந்த இருட்டில்
உள்ளங்கை அளவு சிவப்பு,
துளி அசைவில்லாமல்.
மிதித்தேன்.
உள்ளே காபி மெஷின் உருண்ட சத்தம் கேட்டது.
பதினான்கு பல்புக்கும் ஒன்றும் ஆகவில்லை.

முன்னால் ஒரு டிராக்டர், ஆலைக்குப் போகும் நெல்,
மூட்டை அடுக்கிய டிரெய்லர்.
இறங்கிப் போனேன்.
டிரெய்லரின் இடது பின்மூலையில்
என் விளக்கு.
நகப்பூச்சுக் கோடு அப்படியே இருந்தது.
அடியில் டயர் டியூபில் வெட்டிய ஒரு பட்டை,
குறுக்கே கட்டுக்கம்பி, ஏழு முறுக்கு,
கையைக் கிழிக்காதபடி
முனை உள்ளே மடக்கியிருந்தது.
பிடித்து ஆட்டினேன்.
டிரெய்லர்தான் ஆடியது.

"ரோட்டுல கெடந்துச்சு" என்றார் சேவுகன்,
டிராக்டரை விட்டு இறங்காமலே.
"பன்னெண்டு வருசமா வெளக்கே இல்லாமத்தான் ஓட்டுனேன்.
கெடச்சுதேன்னு கட்டுனேன்.
ஒங்களுதா?"

ஆமாம் என்று வாய்வரை வந்தது.
அறுநூற்று ஐம்பதும் கூடவே வந்தது.
மேலே இன்னும் ஏழு விளக்கு
திருகை நம்பிக்கொண்டிருப்பதும்.

"கட்டுக்கம்பி மிச்சம் இருக்கா?" என்றேன்.

இருந்தது. டியூபும் கொடுத்தார்,
அளவு சொல்லிக் கத்தியால் நறுக்கி.
எட்டாவது இடத்துக்கு
மறுநாள் காரைக்குடியில் புதுசு வாங்கினேன், என் காசில்.
ஓட்டை போட்டு, கம்பி கோத்து,
மத்தியானத்துக்குள் எட்டையும் கட்டி முடித்தேன்.

மேனேஜர் வந்து பார்த்தார்.
"என்னய்யா இது, எருமைக்கு மூக்கணாங்கயிறு மாதிரி?
ஹீரோயின் ஏறுற வண்டி இது."
ஆட்டிப் பாருங்க சார் என்றேன்.
ஆட்டவில்லை.
செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்,
யாரிடமோ காட்டத்தான்.

இடது பின்பக்கம், மேலே இருந்த பழையது எங்கே
என்று அவரும் கேட்கவில்லை.
புதுவயலில் எரிகிறது.